விழுப்புண் இல்லாத வீரம்: போர்ச் சாகசப் படங்களின் கவர்ச்சியும் குறையும்

முன்னுரை

போர் மனிதனுக்கு அச்சத்தைத் தருவது. போர்க்கதையோ அவனுக்கு இன்பத்தைத் தருவது. மனித மனத்தின் இம்முரணை உணர்ந்தே உலக மொழிகள் யாவும் வீரக் கதைகளை வளர்த்து வந்துள்ளன. ஏட்டிலும் பாட்டிலும் வாழ்ந்த அக்கதை இருபதாம் நூற்றாண்டில் வெள்ளித்திரைக்குப் பெயர்ந்தது. ஒரு பெரும்படையை ஒற்றை வீரன் தனித்து நின்று அழிக்கும் அமெரிக்கப் போர்ச் சாகசப் படங்கள் 1980-களில் ஒரு தனி வகையாகவே உருப்பெற்றன. அவற்றுள் உலகெங்கும் பெயர்பெற்றவை ராம்போ படங்கள். அன்று திரையரங்கில் கூட்டம் கூட்டமாகக் காணப்பட்ட அவ்வகைப் படங்களை இன்று நம் மாணவர் கைப்பேசியில் கண்டு மகிழ்கின்றனர்.

“பொழுதுபோக்கிற்காகப் பார்க்கும் படத்திற்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான வினாவே. ஆயினும், வெட்சி முதலாகப் புறத்திணைகளை வரிசைப்படுத்திக் கற்கும் தமிழ் மாணவரின் கையில் வீரத்தை அளக்கும் அளவுகோல் ஒன்று உள்ளது. அதனைத் தேர்வு முடிந்ததும் கீழே வைத்துவிடுவதற்காகவா கற்றோம்? தாம் விரும்பிப் பார்க்கும் படத்தின்மீதும் அதனை வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வகையில் ராம்போ கதையைச் சான்றாகக் கொண்டு இவ்வகைப் படங்களின் கவர்ச்சியையும் குறையையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மிகை குற்றமாகுமா?

இப்படங்களைக் குறைகூறுவோர் முதற்கண் சுட்டுவது அவற்றின் மிகையையே. ஆயிரம் குண்டுகள் பாய்ந்தாலும் நாயகன் வீழ்வதில்லை. அவன் வைத்த குறியோ தப்புவதில்லை. 1988-ல் வெளிவந்த மூன்றாம் ராம்போ படத்தின் இறுதிக் காட்சியில், நாயகன் ஓட்டிவரும் பீரங்கி வண்டியும் எதிரியின் ஹெலிகாப்டரும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஹெலிகாப்டர் சிதறுகிறது, நாயகன் பிழைத்து வெளியே வருகிறான். இதனைக் கண்டு நகைப்பது எளிது.

ஆனால் தமிழ் கற்றவர் அவ்வாறு நகைத்து நகர்ந்துவிட இயலாது. உயர்வு நவிற்சியை அணியென்று போற்றியவர்கள் நாம். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனையே பரணியின் தலைவனாகப் பாட வேண்டும் என்று பாட்டியல் நூலார் விதித்தனர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்து உண்கின்றன. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் ‘படைப்போர்’ என்றொரு தனி வகை உண்டு. ஐந்து படைப்போர், சக்கூன் படைப்போர் முதலிய அந்நூல்களில் வரலாற்றைக் காட்டிலும் புனைவே விஞ்சி நிற்கிறது. அவற்றைப் படிக்கச் செய்து கேட்டு மகிழ்ந்த பெரியோர்கள் கற்பனைச் சுவையை அறியாதவர்கள் அல்லர்.

எனவே, மிகை ஒன்றே குற்றமாயின் நம் ஏடுகள் பலவற்றையும் நாம் ஒதுக்கிவைக்க நேரிடும். இப்படங்களின் குற்றம் வேறிடத்தில் உள்ளது. அதனைக் காணுமுன் அவற்றின் கவர்ச்சி எத்தகையது என்பதை அறிதல் நலம்.

கவர்ச்சியின் காரணங்கள்

வியப்பாகிய மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இந்நான்கும் ராம்போ படங்களில் நிரம்பக் காணப்படுகின்றன. முன்பு கண்டிராத படைக்கருவிகள் புதுமை. மலையையே அதிரச் செய்யும் வெடிப்புகள் பெருமை. முதற்படத்தில் நாயகன் வைத்திருக்கும் கத்தியின் கைப்பிடிக்குள் ஊசியும் நூலும் அடங்கியிருப்பது சிறுமை தரும் வியப்பு. இரண்டாம் படத்தில் சேற்றோடு சேறாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நாயகன், எதிரி அருகில் வந்ததும் கண் திறந்து மனிதனாய் வெளிப்படுவது ஆக்கம். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை இவ்வியப்பிற்கு மேலும் வலுவூட்டுகிறது.

இரண்டாவது காரணம் தெளிவு. வாழ்வில் நன்மையும் தீமையும் பின்னிக் கிடக்கின்றன. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று எளிதில் துணிய முடிவதில்லை. இப்படங்களிலோ அத்தகைய ஐயமே இல்லை. இரண்டு மணி நேரத்திற்குள் தீயவன் அழிகிறான், நல்லவன் வெல்கிறான். களைத்த மனத்திற்கு இஃது ஓர் ஆறுதலே.

மூன்றாவது காரணமே மிக ஆழமானது. இந்நாயகன் பதவியோ செல்வமோ உடையவன் அல்லன். அதிகாரத்தால் வஞ்சிக்கப்பட்டவன். முதற்படத்தில் காவல்துறையினர் காரணமின்றி அவனை இழிவுபடுத்துகின்றனர். இரண்டாம் படத்தில் அவனை அனுப்பிய அதிகாரியே அவனைப் பகைவர் நடுவே கைவிடுகிறான். நியாயம் தன் பக்கம் இருந்தும் கேட்பாரின்றி நின்ற அனுபவம் யாருக்குத்தான் இல்லை? அத்தகைய ஒருவர் ராம்போ எழுந்து நிற்கும்போது தாமும் எழுந்து நிற்பதாக உணர்கிறார். ஆகவே இப்படங்களை விரும்பும் இளைஞரை அறிவிலார் என்று இகழ்தல் முறையன்று. அவர் மனம் தேடுவது நீதியை. அத்தேடலுக்கு இப்படங்கள் தரும் விடையே நம் ஆய்வுக்குரியது.

ஒரு நாயகன், பல பிறவிகள்

ராம்போவைப் படைத்தவர் ஓர் இலக்கிய ஆசிரியர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கனடாவில் பிறந்த டேவிட் மோரெல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பின்னர் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் கற்பித்தவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பித் தம் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் தீய கனவுகளாலும் திடீர் அச்சத்தாலும் அல்லலுற்றதை அவர் அறிந்தார். அதுவே 1972-ல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்னும் நாவலுக்கு வித்தாயிற்று. நாயகனுக்குப் பெயர் தேடியபோது, பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் பெயரும், மனைவி வாங்கிவந்த ஒருவகை ஆப்பிளின் பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கவே, ராம்போ என்னும் பெயர் அமைந்தது என்று அவரே கூறியுள்ளார்.

அந்நாவலில் ராம்போ வெற்றி வீரன் அல்லன். போர் அவனைக் கொல்வதற்குப் பழக்கியது. ஊர் திரும்பியபின் அப்பழக்கத்தை விடுவதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவனை எதிர்க்கும் காவல் தலைவர் டீசிலும் கொரியப் போரில் பங்கேற்ற வீரரே. கதை இருவர் நோக்கிலும் மாறி மாறிச் சொல்லப்படுவதால் யாரை வெறுப்பது என்று வாசகர் திகைக்கின்றார். இறுதியில் இருவருமே இறக்கின்றனர். ராம்போவைச் சுடுபவரோ அவனைப் போன்ற வீரர்களை உருவாக்கிய படை அதிகாரி டிராட்மன். தான் உருவாக்கிய போர்க்கருவியைப் படைத்துறையே உடைத்தெறிகிறது. போர் தரும் மனப்புண்ணை ஒரு நோயாகப் பெயரிட்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது 1980-ல்தான். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே இலக்கியம் அப்புண்ணைக் கண்டு சொல்லிவிட்டது.

1982-ல் டெட் கோட்செஃப் இயக்கத்தில் நாவல் திரைப்படமாயிற்று. தன் பழைய படைத்தோழனைத் தேடிச் செல்லும் ராம்போ, காடுகளை அழிக்க வியட்நாமில் தூவப்பட்ட இரசாயன நஞ்சினால் தோழன் புற்றுநோய் கண்டு இறந்துபோனதை அறிவதில் படம் தொடங்குகிறது. தன் கைக்காயத்தைத் தானே தைத்துக்கொள்கிறான். அவனைத் துரத்துவோரில் ஒருவன் மட்டும், அதுவும் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து, இறக்கக் காண்கிறோம். இறுதியில் நாயகன் தேம்பி அழுது சரணடைகிறான். அவன் இறப்பதாகவும் ஒரு முடிவு படமாக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது. உயிர் பிழைத்த அந்நாயகனைக் கொண்டே அடுத்த படங்கள் பிறந்தன.

1985-ல் வந்த இரண்டாம் படத்தில் கதை தலைகீழாகிறது. மீண்டும் வியட்நாமுக்கு அனுப்பப்படும் ராம்போ, இம்முறையாவது தங்களை வெல்ல விடுவார்களா என்று கேட்கிறான். உண்மை வரலாற்றில் 1975-ல் முடிவுற்ற அப்போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டனர். மாண்ட வியட்நாம் மக்களோ பல இலட்சம். அத்துணை பெரிய துயரத்தைத் திரை ஒரு நாயகனின் அம்பாலும் துப்பாக்கியாலும் வெற்றியாக மாற்றிக் காட்டியது. அவ்வாண்டே பெய்ரூத் பிணைக்கைதிகள் விடுதலையானபோது, அமெரிக்க அதிபர் ரீகன், ராம்போ படம் பார்த்துவிட்டேன், அடுத்தமுறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டேன் என்னும் பொருள்பட நகைச்சுவையாகக் கூறினார். நகைச்சுவைதான் எனினும், திரைக்கதை அரசியலின் பேச்சிற்குள் நுழைந்துவிட்டதை அது காட்டுகிறது.

பின்னர் 1988-ல் ஆப்கானிஸ்தான், 2008-ல் பர்மா, 2019-ல் மெக்சிகோ என எதிரிகள் மாறினர், இலக்கணம் மாறவில்லை. நாவலில் போரின் பலியாக இருந்தவன் போரின் விளம்பரமாக மாறிப்போனான். மோரெலே பின்னைய இரு படங்களை நாவலாக்க நேர்ந்தபோது, தம் நாவலில் ராம்போ இறந்துவிட்டான், படத்தில் வாழ்கிறான் என்று முன்குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.

புறத்திணை தரும் அளவுகோல்

இனி, நம் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, புண். விழுப்புண் படாத நாள்களை வீரன் வீணான நாள்களாகக் கருதுவான் என்பது வள்ளுவர் கண்ட படைச்செருக்கு. நெடுநல்வாடையில் பாண்டிய மன்னன் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறக்கமின்றிப் பாசறையில் புண்பட்ட வீரர்களைக் கண்டு தேற்றி வருகிறான். பாட்டிற்குரிய தலைவனின் பெருமை அவன் கொன்றோரின் எண்ணிக்கையால் அன்றி, காயமுற்றோரைக் காணச் சென்ற அவன் கால்களால் அங்கே உணர்த்தப்படுகிறது. சாகசப் படங்களிலோ காயமுற்றோர் என்று ஒரு கூட்டமே இல்லை. எதிரிகள் உடனே இறந்துவிடுகின்றனர், முனகுவோர் இல்லை, தூக்கிச் செல்வோர் இல்லை. மூன்றாம் படத்தில் நாயகன் தன் விலாப்புண்ணில் வெடிமருந்தைக் கொட்டித் தீ மூட்டி ஆற்றிக்கொண்டு, மீண்டும் போருக்குப் புறப்படுகிறான். 1982-ல் அவனை அழச்செய்த புண், 1988-ல் அவன் வலிமையைக் காட்டும் வித்தையாகிவிட்டது.

இரண்டாவது, இழப்பு. புறத்திணை வெற்றியை மட்டும் பாடி நின்றுவிடவில்லை. கணவனை இழந்தாள் கைம்மை நோன்பு பூண்ட தாபத நிலையும், தலைவனை இழந்தோர் புலம்பும் கையறுநிலையும், நிலையாமை உணர்த்தும் காஞ்சியும் அதனுள் அடங்கும். வாகை உண்டேல் காஞ்சியும் உண்டு என்பது பழந்தமிழர் கண்ட சமநிலை. திரையிலோ வாகை மட்டுமே உண்டு.

மூன்றாவது, வீரத்தின் உள்ளீடு. பெருமிதம் தோன்றும் களங்களாகத் தொல்காப்பியர் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கினைச் சுட்டுகிறார். அஞ்சாமை அந்நான்கனுள் ஒன்றே. ஏனைய மூன்றையும் நீக்கிவிட்டுத் தறுகண் ஒன்றையே வீரமென்று காட்டுவது கால் பங்கை முழுமையென்று விற்பதாகும். பகைவனுக்கு ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து அவனுக்கு உதவுவதே ஆண்மையின் கூர்மை என்பது குறள் கூறும் நெறி. மற்போரில் பிறரை வீழ்த்துபவரைக் காட்டிலும், சினம் பொங்கும்போது தம்மை அடக்கியாள்பவரே வலிமை உடையவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வீரம். சினமே நாயகனின் மூலதனமாக அமைந்த கதையில் இவ்வீரத்திற்கு இடமேது?

நான்காவது, அறம். போர் தொடுக்குமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியுற்றோரும் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கும் அறநெறியைப் புறநானூறு பாடுகிறது. கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் புறப்பட்ட படைக்கு அறிவுரை கூறுகையில், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது, மடங்களில் வாழும் துறவியரைத் துன்புறுத்தலாகாது என்று பணித்தார்கள். வெவ்வேறு நிலங்களில் தோன்றிய இவ்விரு மரபுகளும் போருக்கு எல்லை வகுப்பதில் ஒன்றுபடுகின்றன. சாகசப் படமோ எல்லைகளைத் தாண்டுவதையே நாயகனின் தகுதியாகக் கொள்கிறது.

எதிரியின் முகம்

இப்படங்களின் பெருங்குறை எதிரிக்கு முகம் இல்லாமையே. அவனுக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, சொல்ல ஒரு சொல்லும் இல்லை. கொல்லப்படுவதற்கென்றே அவன் திரைக்குள் ஓடி வருகிறான். அவன் யார் என்பதை அன்றைய அரசியல் தீர்மானிக்கிறது.

இதனை முஸ்லிம்களாகிய நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டுப் படத்தில் ஆப்கானியர் நாயகனின் தோழர்கள். சோவியத் படைக்கு எதிராக அவன் அவர்களோடு தோள்சேர்ந்து போரிடுகிறான். படமும் ஆப்கானிஸ்தான் மக்களுக்கே காணிக்கையாக்கப்பட்டது. அதனைக் கண்டு மகிழ்ந்த முஸ்லிம் இளைஞர் பலர். ஆனால் ஆறே ஆண்டுகளில், 1994-ல், ‘ட்ரூ லைஸ்’ படத்தில் வில்லர்கள் ஜிஹாத் என்னும் சொல்லைத் தம் குழுவின் பெயரில் தாங்கிய அரபியர். அதனை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன், இரண்டாம் ராம்போ படத்தின் திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவர். அமெரிக்க அரபு அமைப்புகள் அப்படத்தை எதிர்த்துக் குரல் எழுப்பின. அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 900-க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்து, அரபியர் ஹாலிவுட் திரையில் எவ்வாறு இழிவாகக் காட்டப்பட்டனர் என்பதை 2001-ல் நூலாக வெளியிட்டார்.

நம் மாநிலத்திலும் ஆப்கானிஸ்தானைக் களமாகக் கொண்ட ‘விஸ்வரூபம்’ என்னும் தமிழ்ப்படம் 2013-ல் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பிற்கு உள்ளாயிற்று. அரசின் தடைக்குப் பின், சில பகுதிகளில் மாற்றம் செய்யப்பட்டு, அவ்வாண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் தமிழ்நாட்டில் திரையிடப்பட்டது. மனம் புண்பட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தல் அவர்தம் உரிமை. ஆயினும் ஒரு படத்தை நிறுத்துவதால் அப்படத்தை உருவாக்கும் இலக்கணம் நின்றுவிடாது. அதற்கு வேண்டுவது திறனாய்வு.

திறனாய்வு நம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். எதிரி ரஷ்யனாகவோ வியட்நாமியனாகவோ இருந்தபோது கைதட்டிவிட்டு, நம் பெயர் தாங்கியவன் எதிரியாகும்போது மட்டும் வருந்துவது முழுமையான நீதியாகாது. முகமற்றுச் செத்து வீழ்ந்த அவ்வியட்நாம் வீரனும் ஒரு தாயின் மகனே. பகைமை காரணமாகவும் நீதி பிறழலாகாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அந்நீதி திரையரங்கின் வாயிலில் கழற்றி வைக்கும் செருப்பன்று.

மறுநாள் என்ன நடந்தது என்பதையும் இப்படங்கள் கூறுவதில்லை. சோவியத் படைகள் 1988 மே மாதத்தில் வெளியேறத் தொடங்கின. அதே மாதத்தில் மூன்றாம் படம் வெளிவந்தது. 1989 பிப்ரவரியில் வெளியேற்றம் முடிந்தது. திரையில் கதை வெற்றியோடு முடிய, நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2001-ல் அமெரிக்கப் படையே அங்கு நுழைந்து, இருபது ஆண்டுகள் போரிட்டு, 2021 ஆகஸ்டில் வெளியேறியது. அதற்குள் 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆப்கானியரும் உயிரிழந்தனர். வியட்நாமில் தாங்கள் பட்டதையே ஆப்கானிஸ்தானில் நீங்களும் படுவீர்கள் என்று மூன்றாம் படத்தில் டிராட்மன் ரஷ்யத் தளபதியை எச்சரிக்கிறார். வெடியோசையில் அவ்வெச்சரிக்கை அமுங்கிப்போயிற்று. மோரெல் தம் வகுப்பறையில் கண்ட மனம் புண்பட்ட வீரன், ஆப்கானிஸ்தானிலிருந்து மற்றொரு தலைமுறையில் மீண்டும் ஊர் திரும்பினான்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், போர்ச் சாகசப் படங்களின் குறை அவற்றின் மிகையன்று என்பதும், புண்ணையும் இழப்பையும் எதிரியின் முகத்தையும் மறைப்பதே அவற்றின் குறை என்பதும் பெறப்படும். அம்மூன்றையும் தாங்கி நின்ற ஒரு நாவல் எவ்வாறு படிப்படியாக அவற்றை இழந்தது என்பதற்கு ராம்போவே சான்று.

மாணவச் செல்வங்கள் இப்படங்களைப் பார்க்கவே கூடாது என்று தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பார்க்கும்போது மூன்று வினாக்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவர்கள் எங்கே? எதிரிக்குப் பெயரும் தாயும் உண்டா? போர் முடிந்த மறுநாள் அவ்வூரில் என்ன நடந்திருக்கும்? இம்மூன்றையும் கேட்டபின்னும் ஒரு படம் நம் மனத்தில் நிலைக்குமாயின் அது நல்ல படைப்பே. கேட்ட அளவிலேயே கரைந்து போகுமாயின், நாம் கண்டது வீரமன்று, வாணவேடிக்கை என்று அறிந்து எழுந்து வரலாம். வாணவேடிக்கையும் கண்ணுக்கு இனியதுதான். ஆனால் அதன் வெளிச்சத்தில் வழி தேடுவார் இலர்.

புறத்திணை வெறும் பாடமாக நின்றுவிடாமல், பார்க்கும் கண்ணாகவும் அமையுமாயின், தமிழ் கற்றதன் பயனை நாம் அடைந்தவராவோம். இறைவன் அதற்கு அருள்புரிவானாக!